இரண்டு தட்டு

மேல்மாடி நெலிதா பாரியாவின் பூனைக்கு
அரினா என்று பெயர். மாவு என்று அர்த்தம்.
மாவேதான், இரண்டு நீலக் கண் வைத்த மாவு.
காது பிறவியிலேயே கேட்காது.

பூனை கண்ணை மூடிக்கொண்டால்
பூலோகமே இருண்டதென்று நினைக்குமாம்.
இது காதை மூடிக்கொண்டு பிறந்தது.
ஊர் மொத்தமும் செத்துக் கிடப்பதாக நினைத்ததோ என்னவோ,
ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பப் பார்க்கும்.

என்ன குரல் அது!
கப்பல் சங்கை விழுங்கிய குழந்தை மாதிரி.
புன்தா அரேனாஸ் காற்றில் தகரக் கூரையே பறந்தாலும்
குறட்டை விடுகிறவன் நான்.
இழுவைப் படகில் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே
பத்தொன்பது வருடம் படுத்தவன்.
அந்தக் குரலுக்கு மட்டும் எழுந்து
துடைப்பக் கட்டையால் மச்சை இடிப்பேன்.
டொக். டொக்.

நெலிதாவுக்கு நண்டு ஆலையில் இரவு வேலை.
விடியலில் உப்பு வெடித்த கைகளோடு வந்து
குதிகாலால் பலகைத் தரையை இருமுறை தட்டுவாள்.
கேட்காத பூனையைக் கூப்பிட வேறு வழி?
தரை அதிர்ந்தால் ஓடிவரும்.
இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு விடுமுறை இரவு
அக்கா சுனில்தாவுக்கு அனுப்பப் படம் பிடித்தாள்:
“நீ தந்த பரிசு ஆடும் கூத்தைப் பார்.”
அக்கா மகன் அதை உலகத்துக்கே அனுப்பிவிட்டான்.

மூன்றே வாரம்.
எவனோ அதற்கு அக்கார்டியன் சேர்த்தான்.
கொரியாவில் அது அலாரமாம்.
பத்து வருடமாக நெலிதாவின் பெயர் தெரியாத மேற்பார்வையாளர்
“அரினாவின் அம்மா, இங்கே வா” என்றாராம்.

சந்தியாகோவிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள்.
மாடிப்படியெல்லாம் ஒயர்.
கை தட்டினார்கள். மீன் காட்டினார்கள்.
மியாவ் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள், பெரிய மனிதர்கள்.
அரினா அடுப்போரம் சுருண்டு கிடந்தது.
இரண்டாம் இரவு எனக்குப் பொறுக்கவில்லை,
கோபம் பூனை மேலல்ல, அவர்கள் பூட்ஸ் மேல்.
கட்டையை எடுத்தேன்.
டொக். டொக்.

கிளம்பியது பார் மேலே, அந்தச் சங்கு!
விசில், கைத்தட்டல்.
நான் துடைப்பத்தைப் பிடித்தபடியே நின்றேன்.

பிறகு கைபேசியில் அந்தப் பழைய படத்தைப் போட்டேன்,
அதுவரை பார்த்ததில்லை.
முதல் கத்தலை விடுங்கள்,
மற்ற ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு தட்டு.
பூனை கேமராவைப் பார்க்கவில்லை.
குனிந்து, தரையைப் பார்த்துக் கத்துகிறது.
என்னைப் பார்த்து.
வாயை மூடு என்றேன் நான்.
வா என்று கேட்டிருக்கிறது அதற்கு.

நெலிதாவிடம் சொல்லத்தான் நினைத்தேன்.
அதற்குள் தீவனக் கம்பெனியின் பணம் வந்துவிட்டது.
அவள் கம்பளம் வாங்கினாள்.
சுவருக்குச் சுவர், கால்விரல் புதையும் பருமன்.
ஒரு பை நண்டுக்காலோடு இறங்கிவந்து
“தொன் ரெமிஹியோ, இத்தனை நாள் பொறுத்தீர்கள்,
இனி நிம்மதியாகத் தூங்குங்கள்” என்றாள்.
நண்டு இனித்தது. வேறென்ன சொல்ல?

இப்போது விளக்கை அணைத்துப் போட்டுக் கூப்பிடுகிறாளாம்.
இரவில் அரினா ஒரு தரம் கத்தும்,
கொஞ்சம் பொறுக்கும், விட்டுவிடும்.
ஒருநாள் நானும் கட்டை முனை நசுங்க இடித்தேன்.
கம்பளம் விழுங்கிக்கொண்டது.
உலகம் ஏதோ ஒரு வாத்தைப் பார்க்கப் போய்விட்டது.

நேற்று துறைமுகப் பேருந்தில்
ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் பைக்குள்ளிருந்து
டொக். டொக். அப்புறம் அந்தக் குரல்.
எல்லோரும் சிரித்தார்கள்.
“அந்த முதல் இரண்டு தட்டு நான்தான்” என்றேன்
பக்கத்து இருக்கைக்காரரிடம்.
அவர் சன்னல் பக்கமாக
நகர்ந்து உட்கார்ந்தார்.